கண்ணாடியா, போனா? கரியா, வெள்ளியா?

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த பீரோ ஒன்று இருக்கிறது. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் முகத்தை நானே வரைந்துகொண்டிருக்கிறேன். கூடவே வரையப் பழகும் தோழிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கண்ணாடியைப் பார்த்து வரைவது நல்லதா, போனில் படம் எடுத்து அதைப் பார்த்து வரைவது நல்லதா? இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. என் ஓட்டு கண்ணாடிக்கு. அதற்காகப் போனை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன்.

போனில் முகம் அசையாமல் நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்தாலும் காலை பதினொரு மணி வெளிச்சம் படத்தில் அப்படியே இருக்கும். கட்டம் போட்டு அளவெடுக்கலாம், கண் இமையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வம்பெல்லாம் கையை நீட்டி எடுக்கிற செல்ஃபியில்தான். லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். முகத்தில் பக்கத்தில் இருப்பது மூக்கு, தள்ளி இருப்பது காது. 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடி அகலம், 5 அடி தள்ளி எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. அந்தப் படத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்து வரைந்தாலும் தாளில் வேறு யாருடைய மூக்கோ வந்து உட்காரும். போன்தான் வேண்டும் என்றால் ஸ்டாண்டில் மாட்டி, ஐந்தடி தள்ளி வைத்து, டைமர் போட்டு, பின்பக்கக் கேமராவில் எடுங்கள். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். கன்னத்து நிழலையும் நம் மாநிறத்தையும் அது வழித்து எடுத்துவிடும். அந்த இரண்டும் போனபின் வரைய என்ன மிச்சம்?

சரி, கண்ணாடி. குளித்துவிட்டு வந்ததும், ஆவி படிந்த கண்ணாடியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தெரிகிற முகத்தின் ஓரத்தை விரலால் சுற்றி வரைந்து பாருங்கள். அதை ஸ்கேலால் அளந்தால் உங்கள் முகத்தில் சரிபாதி உயரம்தான் இருக்கும். கிட்டே நின்றாலும் எட்ட நின்றாலும் பாதிதான். கண்ணாடிக்கு நீங்கள் எவ்வளவு தூரமோ, உள்ளே தெரிகிற முகம் உங்களிடமிருந்து அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது, அதனால். முதல்முறை எனக்கு 11 சென்டிமீட்டர் வந்தது. நம்பாமல் மறுபடி அளந்தேன். தினமும் பொட்டு வைத்துப் பவுடர் போடுகிற முகத்தின் அளவுகூட இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் இப்படி நான்கைந்து விஷயங்கள் பிடிபடும். போன் படத்தில் எனக்கு ஒன்றுகூடப் பிடிபட்டதில்லை.

தலை அசையத்தான் செய்யும். ஸ்டூல் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறேன். கண்ணாடியில் மூக்கு நுனி விழுகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு. தாளிலிருந்து நிமிரும்போதெல்லாம் மூக்கைப் பொட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் அடுத்த கோடு.

அப்புறம் இடவலம் மாறும் சங்கதி. முதல் படத்தைக் காட்டியபோது அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மூக்குத்தி எடப்பக்கம் போயிருச்சு? மாராப்பும் வலது தோள்ல கெடக்குது" என்றார். டச்சு ஓவியர் வான்கோ 1888 டிசம்பரில் அறுத்துக்கொண்டது இடது காது. அடுத்த மாதம் அவர் தன்னையே வரைந்த படங்களில் கட்டு வலது காதில் இருப்பதுபோல் தெரிகிறது. அவரும் கண்ணாடியைப் பார்த்தவர்தான். நான் இதைத் திருத்துவதில்லை. எனக்குப் பழகிய என் முகத்தில் மூக்குத்தி அந்தப் பக்கம்தான். ஊர் பார்க்கிற முகம் வேண்டும் என்பவர்கள் போனுக்குப் போகலாம்.

எதனால் வரைவது? கரிக்குச்சியில் தப்பு செய்யப் பயமில்லை. துணியால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். நெற்றி மேடு, கண்குழி, தாடை நிழல் எல்லாம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

அதற்கு நேர் எதிர் வெள்ளிக்கம்பி. பிற்பாடு பெரிய ஜெர்மன் ஓவியரான ஆல்பிரெக்ட் டியூரர் 13 வயதில், 1484இல், தன் முகத்தை வெள்ளி முனையால்தான் வரைந்தார். கண்ணாடி பார்த்து வரைந்தேன் என்று பிற்பாடு அந்தத் தாளிலேயே எழுதியும் வைத்தார். வியன்னாவில் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்தத் தாள். இதைப் படித்ததும், வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு இதைச் செய்து பார்க்காமல் இருக்கலாமா என்று தோன்றியது. செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் விரல் நீளக் கம்பி கேட்டேன். "இதுல என்னம்மா படம் வரும்?" என்று கேட்டுக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். வெறும் தாளில் கோடு விழவே இல்லை. தாளின்மேல் வெள்ளை குவாஷ் வண்ணத்தை (அடிப்பரப்பு தெரியாமல் மூடுகிற நீர்வண்ணம்) மெல்லிசாக இரண்டு பூச்சு கொடுத்துக் காயவைத்தால், அந்தச் சொரசொரப்பு வெள்ளியைத் துளித்துளியாக உரசி எடுத்துக்கொள்கிறது. வெளிர் சாம்பலில் முடி மாதிரி ஒரு கோடு. எவ்வளவு அழுத்தினாலும் கறுக்காது. நிழல் வேண்டுமென்றால் கோட்டின்மேல் கோடாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ரப்பருக்கும் அசையாது. ஒரு புருவத்துக்கே எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. சில மாதம் போனால் கொலுசு கறுப்பதுபோல் அந்தக் கோடும் மெல்லப் பழுப்பேறுகிறது. எனக்கு இதைவிடப் பிடித்த சாமான் வேறு இல்லை. ஆனாலும் முதல் பத்துப் படம் கரியிலேயே போடுங்கள், கை பயம் தெளிந்த பிறகு கம்பி.

வண்ணத்துக்குப் போனால் வெயிலும் பனியும் குறுக்கே வரும். ஏப்ரல் மாதச் சேலத்தில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்து தோலாகிவிடும். நீர்வண்ணத்தோடு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனேன். பனிமூட்டத்தில் கன்னத்துப் பூச்சு காயவே இல்லை, மேலே வைத்த நெற்றி வண்ணம் வழிந்து கண்ணுக்குள் இறங்கிவிட்டது. பனியில் வெளிச்சம் நாலாபக்கமும் பரவுவதால் முகத்தில் நிழலும் விழுவதில்லை. முகம் வரைய வீட்டு ஜன்னலே மேல். எண்ணெய் வண்ணம் இரண்டு ஊருக்கும் ஒத்துவரும், காய நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எந்த வண்ணமானாலும் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று வருகிற அந்த ரோஸை ஓரமாக வையுங்கள். நம் முகத்துக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளும் போதும். நிழலுக்கு அதே கலவையில் துளி அல்ட்ராமரைன் நீலம். கறுப்பு ட்யூபைத் திறக்காதீர்கள், கன்னம் சாம்பல் பூத்துப்போகும்.