அம்மாவுக்கு வராத மாரடைப்பு

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு முன்னால் சுகர், பிரஷர், ஈசிஜி எல்லாம் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பளபளவென்று இருக்கும் ஒரு பரிசோதனை மையத்தில் 300 ரூபாய் கட்டி ஈசிஜி எடுத்தோம். உள்ளே போகும்போது நன்றாக இருந்த அம்மாவுக்கு, வெளியே வரும்போது பழைய மாரடைப்பு ஒன்று வந்து போயிருந்தது. காகிதம் அப்படித்தான் சொன்னது.

இதயத்தின் இடது பக்கவாட்டில் பழைய அட்டாக், எப்போது வந்தது என்று தெரியாது என்ற பொருளில் இங்கிலீஷில் ஒரு வரி. ரிசப்ஷனில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, "சைலன்ட் அட்டாக் சார். மாடியில டாக்டர் இருக்கார், டோக்கன் போடட்டுமா?" என்றார். போடாமல் என்ன செய்வது?

மாடியில் ஃபீஸ் 600, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ 1,800. எக்கோவில் இதயத்தின் சுவர்கள் எல்லாம் ஒழுங்காக அசைகின்றன, பம்ப் செய்யும் திறன் 62 சதவீதம். நார்மல்தான். ஆனாலும், "ஈசிஜியில இருக்கே, ஆஞ்சியோ பார்த்துடறது நல்லது, நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்றார் அந்த டாக்டர். மொத்தம் 22,000, அட்வான்ஸ் 5,000. கட்டினேன். பயத்தில் இருப்பவனிடம் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

ஆட்டோவில் வரும்போது அம்மா தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தாள். "எனக்கு எப்பப்பா வந்திருக்கும்? உங்கப்பா தவறின அன்னிக்கு நெஞ்சை அடைச்சுச்சே, அதுவா?"

மனசு கேட்காமல் சாயங்காலம் எங்கள் தெருவில் இருக்கும் டாக்டரம்மாவிடம் காகிதத்தைக் காட்டினேன். பத்து வினாடி பார்த்திருப்பார். "அட்டாக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. கை வயரை மாத்திப் போட்டிருக்கான்."

பேனாவை எடுத்துக் கட்டம் கட்டமாகக் காட்டினார். இதயத்தின் மின்சாரம் வலது மேலறையில் கிளம்பி, கீழே இடது பக்கமாக இறங்குகிறது. முதல் லீட் என்பது இடது கைப் பக்கமிருந்து வலது கையை நோக்கிப் பார்க்கிற பார்வை. மின்சாரம் தன்னை நோக்கி வருவதால் அதில் அலைகள் மேல்நோக்கி நிற்க வேண்டும். அம்மாவின் தாளில் மேலறைகள் எழுப்பும் பி அலை, கீழறைகளின் கியூஆர்எஸ், அவை ஓய்வுக்குத் திரும்பும்போது வரும் டி அலை, மூன்றுமே தலைகீழ். வலது கைப் பக்கமிருந்து பார்க்கிற, கவிழ்ந்து கிடக்க வேண்டிய ஏவிஆர் லீட் நிமிர்ந்து நிற்கிறது. "பழைய அட்டாக்னா பி அலை எதுக்குக் கவுறணும்?" என்றார். இதயமே வலது பக்கம் இருக்கிற அபூர்வமான ஆட்களுக்கும் முதல் லீட் இப்படிக் கவிழுமாம். ஆனால் அவர்களுக்கு நெஞ்சில் வைக்கிற வி 1 முதல் வி 6 வரை அலை வளராமல் தேய்ந்துகொண்டே போகும். அம்மாவுக்கு அது அழகாக வளர்ந்திருந்தது. ஈசிஜி கருவியை உருவாக்கிய ஐந்தோவன், ஈசிஜி இயங்கும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக 1924இல் நோபல் வாங்கியவர். அவர் காலத்தில் உப்புத்தண்ணீர் வாளிக்குள் கையை விட்டு எடுத்தார்களாம். "அன்னிக்கு வாளியை மாத்தி வெச்சாலும் இதே கதைதான்" என்று சிரித்தார்.

அங்கேயே 250 ரூபாய்க்கு மறுபடி எடுத்தார். நார்மல்.

அப்போதுதான் எனக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. காதில் இயர்போனோடு டெக்னீஷியன் பையன் அம்மாவின் கால்மாட்டில் நின்றபடி எட்டி எட்டிக் கிளிப் மாட்டினான். அவனுடைய வலது, அம்மாவின் இடது. வலது கைக்குப் போக வேண்டிய சிவப்பு வயர் போன கையில் கண்ணாடி வளையல் இருந்தது. அம்மா வலது கையில் வாட்ச் கட்டுவதால் வளையல் போடுகிற கை இடது கை.

மறுநாள் அந்த மையத்துக்குப் போனேன். "மெஷின் சொன்னதைத்தான் சார் குடுத்தோம்." தாளின் மேல் ஓரத்தில் 'அன்கன்ஃபர்ம்டு', அதாவது டாக்டர் சரிபார்க்காதது என்று மெஷினே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போடும் இடம் காலி. இத்தனைக்கும், கை வயர் மாறியிருக்கலாம் என்று தானே எச்சரிக்கிற மெஷின்கள்கூட உண்டு. ஒரு மணி நேரம் சத்தம் போட்ட பிறகு அட்வான்ஸில் 4,000 திரும்ப வந்தது. மீதி 'ஃபைல் சார்ஜ்'. எக்கோ காசு போனது போனதுதான். ஒரிஜினல் ஈசிஜியைத் திருப்பிக் கேட்டார்கள். ஜெராக்ஸைக் கொடுத்தேன்.

ஈசிஜி எடுக்கப் போகிறவர்கள் கிளிப் மாட்டும்போதே பாருங்கள். நம் ஊர் மெஷின்களில் பெரும்பாலும் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். ரிப்போர்ட்டில் முதல் லீட் முழுக்கக் கவிழ்ந்திருந்தால், மாடி ஏறுவதற்கு முன் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. தாளை அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அது வெப்பத்தில் அச்சாகிற காகிதம், நாளாக ஆக மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யாதீர்கள். இரண்டாவது ஈசிஜியை நான் அப்படிச் செய்து, மொத்தமும் கருகிப் போனது.

அதற்காக நெஞ்சுவலியோடு இருக்கிறவர் இந்தப் பதிவை வைத்துக்கொண்டு கட்டம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். வலி இருந்தால் முதல் ஈசிஜி நார்மலாக வந்தாலும் நம்பிவிடக் கூடாது. திரும்பத் திரும்ப எடுப்பார்கள், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடுகிற ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். அப்போது நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கண் ஆபரேஷன் போன வாரம் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது தாள் கருகுவதற்கு முன்பே அம்மாவிடம் இரண்டு ஈசிஜியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கிவிட்டேன், தலையாட்டினாள். ஆனாலும் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.