ராமநாதபுரத்தில் ஒரு காது, மூக்கு, தொண்டை கிளினிக்: எங்கள் அனுபவம்

தேவிபட்டினத்தில் இருக்கும் என் மைத்துனர் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, மண்டையோட்டின் அடிப்பகுதியில் விரிசலுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய நான்காவது வாரத்தில், அவருடைய வலது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. முதலில் காட்டிய இடத்தில், கச்சான் காற்றின் வெக்கையில் சில்லுமூக்கு உடைந்திருக்கும் என்று சொல்லி, பஞ்சு வைத்து அடைத்து அனுப்பிவிட்டார்கள். பஞ்சை எடுத்த மறுநாளே, முன்னிலும் அதிகமாகக் கொட்டியது.

மீண்டும் மூக்கை அடைத்துக்கொண்டுதான் இந்தக் கிளினிக்குக்கு வந்தோம். (மருத்துவர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன்.) அவர் மூக்கைத் தொடுவதற்கு முன்பே, அண்மையில் தலையில் அடிபட்டதா என்றும், வலது கண்ணில் பார்வை எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். விபத்துக்குப் பிறகு அந்தக் கண் மங்கியிருந்ததை நாங்கள் மூக்கோடு சேர்த்து நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் உள் கரோட்டிட் தமனி, மூக்கின் பின்கோடியில் இருக்கும் ஸ்பீனாய்டு காற்றறையை ஒட்டியே செல்கிறது என்றும், இரண்டுக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடுதான் உண்டு என்றும், சிலருக்கு அதுவும் இருப்பதில்லை என்றும் படம் வரைந்து விளக்கினார். எலும்பு முறியும்போது தமனியின் சுவர் கிழிந்தால், கசியும் ரத்தத்தைச் சுற்றியுள்ள திசு பிடித்துவைத்து ஒரு பொய் வீக்கம் உருவாகிறது. அது வாரங்கள், ஏன் மாதங்கள் கழித்தும் அந்த அறைக்குள் வெடித்து மூக்கு வழியாகக் கொட்டலாம். மூக்கில் ரத்தம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு நடுத்தண்டின் முன்பகுதியிலிருந்தே வரும், இது மிக அரிது என்று அவரே சொன்னார். ஆனால் தலைக்காயம், ஒரு கண்ணின் பார்வைக் குறைவு, திரும்பத் திரும்பக் கொட்டும் ரத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்ததால், பஞ்சை எடுத்துப் பார்க்கவே அவர் சம்மதிக்கவில்லை.

மதுரைக்கு அவரே தொலைபேசியில் பேசி, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை உடன் நின்றார். கடிதத்தின் தலைப்பில் ‘அடைப்பை அகற்ற வேண்டாம்’ என்று பெரிதாக எழுதியிருந்தார். மதுரையில் ஆஞ்சியோகிராம் அவருடைய சந்தேகத்தை உறுதிசெய்தது. தொடை வழியாகக் குழாய் செலுத்தி வீக்கத்தை அடைத்தார்கள். ரத்தம் நின்றது, பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

குறைகளும் உண்டு. முன்பதிவு கிடையாது, நாற்காலிகள் போதாது, தொண்டியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வருபவர்களுக்கு ஒரு நாள் போய்விடும். ரத்தம் வடிய வருபவரை மட்டும் டோக்கன் பார்க்காமல் உடனே உள்ளே அழைத்துவிடுகிறார்கள்.