மஸ்டா எம்எக்ஸ்-5-ஐக் கழற்றிக் கட்டிய கார்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

பழைய கார் ஒன்றை வாங்கிக் கழற்றி, அதன் எஞ்சினையும் சக்கரங்களையும் வேறொரு சட்டகத்தில் ஏற்றி, வீட்டிலேயே ஒரு கார் கட்டுவது இங்கிலாந்தில் நெடுநாளாக நடக்கும் வேலை. 1957-இல் வந்த லோட்டஸ் செவனையே கிட்டாக, அதாவது வீட்டில் கோத்துக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பாக, விற்றார்கள். பாகங்களாக வாங்கினால் கொள்முதல் வரி கிடையாது என்பது அப்போது பெரிய ஈர்ப்பு. 1973-இல் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வந்ததோடு அந்தச் சலுகை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நானும் ஒன்றைக் கட்டி, வெயிலிலும் குளிரிலும் சில வருடங்கள் ஓட்டிவிட்டேன். கட்டும் கதையை எழுத ஆள் நிறைய உண்டு. கழற்றிய நாட்களில் எடுத்த முடிவுகளில் எது ஓட்டத்தில் நிலைத்தது, எது பல்லிளித்தது என்று எழுதுபவர்கள் குறைவு. நான் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

டோனராக, அதாவது பாகங்களைத் தரும் பழைய காராக, எடுத்தது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. முன்பெல்லாம் ஃபோர்டு எஸ்கார்ட்டைத் தேடினார்கள், பிறகு ஃபோர்டு சியாராவை. இப்போது அவை பழம்பொருளாகி விலை ஏறிவிட்டன. உருப்படியான ஒன்று கிடைத்தாலும் அதைக் கழற்ற மனசு வராது. எம்எக்ஸ்-5 அப்படியில்லை. 1989-இல் அறிமுகமாகி லட்சக்கணக்கில் விற்ற கார் அது. எஞ்சின் முன்னால் நீளவாக்கில் இருக்கும், விசை பின்சக்கரங்களுக்குப் போகும், நான்கு மூலைகளிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு கவைக் கைகள்). ஆனால் நமக்கு உதவுவது அதன் பலவீனம்தான். துணிக்கூரையில் விழும் மழை வடிய வைத்த துளைகள் குப்பையால் அடைபட்டு, தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தில் தேங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். வெல்டிங் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். ஆண்டுக்கொரு முறை நடக்கும் எம்ஓடி சோதனையில் தோற்றதும் உரிமையாளர் கைகழுவிவிடுவார். எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் கல்லுக்குண்டாக இருக்கும். உடலைத் தூக்கிப் போடப்போகிற நமக்கு அந்தத் துருவால் என்ன?

எல்லா எம்எக்ஸ்-5-உம் ஒன்றல்ல. ஆரம்பகால 1.6 லிட்டர் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. அங்கே சாவி அமரும் பள்ளம் தேய்ந்து கப்பி ஆடத் தொடங்கினால் எஞ்சினே போன மாதிரி. எஞ்சின் ஓடும்போது கீழ்க்கப்பி தள்ளாடுகிறதா என்று குனிந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 1995-க்குப் பிறகு பிரிட்டனில் விற்ற 1.6-இன் திறன் 90 குதிரைசக்தியாகக் குறைக்கப்பட்டது, அது வேண்டாம். ஜப்பானிலிருந்து இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டரும் இதே கார்தான். ஆனால் அதன் ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் இருக்கும், மைலுக்கு மாற்றும் வேலை தனி. நான் 1.8 எடுத்தேன். விலை கொஞ்சம் கூட, இன்றுவரை வருத்தமில்லை.

ஓடாத காரை டோனராக வாங்கவே கூடாது என்பது என் கட்சி. மலிவாகக் கிடைக்கும், சரி. ஆனால் மூன்றாவது கியர் உறுமுகிறதா, ரிவர்ஸ் விழுகிறதா, சூடான பின் எண்ணெய் அழுத்தம் எப்படி, எந்தச் சக்கர பேரிங் முனகுகிறது என்பதெல்லாம் கழற்றிப் பரப்பிய பிறகு யாருக்கும் தெரியாது. எம்ஓடி சான்றில் காலம் மிச்சமிருந்தபோதே வாங்கி, அது முடியும்வரை ஓட்டி, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். புதுக் காரில் எது சத்தம் போட்டாலும் இது பழைய வியாதியா, நான் கட்டியதால் வந்ததா என்று அந்த நோட்டே சொல்லிவிடுகிறது.

இந்தக் காரைக் கழற்றுவதில் ஒரு அழகு உண்டு. கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் இணைக்கிறது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷனைத் தாங்கும் தனித்தனி துணைச் சட்டங்கள் (சப்ஃப்ரேம்கள்). ஆகவே ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், கைப்பிரேக் கம்பி, வயரிங், ஷாக் அப்சார்பரின் மேல் நட்டுகள், சப்ஃப்ரேம் போல்ட்டுகள் எல்லாவற்றையும் விடுவித்துவிட்டால், உடலை நாலு பேர் மேலே தூக்கிக்கொண்டு போய்விடலாம். எஞ்சின் முதல் பின்சக்கரம் வரை மொத்தமும் தரையில் தன் காலிலேயே நிற்கும். 2010-இல் வந்த எக்ஸோசெட் என்ற கிட் இந்த வசதியை நம்பியே வடிவமைக்கப்பட்டது. என்னுடையது அதே வழியைப் பின்பற்றும் வேறொரு சிறு நிறுவனத்தின் சட்டகம்.

அந்த நிலைக்கு வருமுன் சில வேலைகளில் அவசரம் கூடாது. பேட்டரியைக் கழற்றி நன்றாக நேரம் விட்ட பிறகே ஏர்பேக் பக்கம் போக வேண்டும். பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. காலியான டேங்க்தான் நிறைந்ததைவிட ஆபத்து, ஆவி உள்ளேயே நிற்கும். ஏசி உள்ள காராக இருந்தால் வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம், உரிமம் உள்ளவரிடம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். மிஞ்சும் கூட்டையும் தெருவில் இரும்பு எடுக்க வருபவரிடம் தள்ளாமல், அங்கீகாரம் பெற்ற உடைப்பகத்துக்கு அனுப்புவதே முறை. கதவு, முகப்பு விளக்கு, கண்ணாடி, இருக்கை ஆகியவற்றை விற்றே டோனரின் விலையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. கடினக்கூரையோடு கார் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

இனி எட்டு போல்ட்டுகளின் கதை. கீழ் விஷ்போன்களைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டுகள் மூலைக்கு இரண்டு வீதம் இருக்கின்றன. தலையில் மையம் விலகிய வட்டு உண்டு. அவற்றைத் திருப்பித்தான் சக்கரக் கோணங்களைச் சரிசெய்ய முடியும். முப்பது வருடத்தில் இவை ரப்பர் புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒன்றாகிவிடும். நட்டு கழலும், போல்ட் அசையாது. ஊறவைக்கும் எண்ணெய், சூடு, சுத்தியல் எல்லாம் போட்டும் மசியாதவற்றை ரம்பத்தால் அறுத்தேன். அறுக்காமல் அப்படியே புதுச் சட்டகத்துக்கு மாற்றிவிடலாம், கார் ஓடும் என்று பலர் சொன்னார்கள். ஓடும்தான். ஆனால் கிட் காரின் மூக்கு டோனரைவிட இலகுவானது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானே நேருக்குத் திரும்பும் குணம் எடை குறையக் குறைய மங்கும். அதை மீட்க முன்சக்கரத்தின் காஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) கூட்ட வேண்டும், கூட்டுவதற்கு அந்த வட்டுகள் சுழல வேண்டும். சாலைக்கு வருமுன் நடக்கும் ஐவிஏ சோதனையில் ஸ்டியரிங் தானே திரும்புகிறதா என்று ஓட்டிப் பார்ப்பார்கள், அங்கே பலர் தோற்பதும் இதனால்தான். புது போல்ட்டுகளும் பாலியூரித்தேன் புஷ்களும் போட்ட செலவு அப்போது கசந்தது. இன்று டயர் மாற்றும்போதெல்லாம் கோணத்தைப் பத்து நிமிடத்தில் சரிசெய்ய முடிகிறது.

1998 முதல் எஸ்விஏ என்ற பெயரில் நடந்த சோதனையின் இடத்தில் 2009-இல் வந்தது இந்த ஐவிஏ. கட்டணமாக 450 பவுண்டு கட்டினேன். கை படக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன் பூட்டிக்கொள்ளக் கூடாது என்று பட்டியல் நீளும். போல்ட் தலைகளுக்கெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு போகிற கார்களை அந்த வாசலில் பார்க்கலாம். சோதனை முடிந்து வீடு வரும் வழியிலேயே பாதித் தொப்பிகள் பறந்துவிடும், அது வேறு கதை.

ஓட்டத்தில் என்னென்ன நின்றது? எஞ்சினைத் திறக்கவே இல்லை. டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், சீல்கள் மட்டும் மாற்றினேன், இன்றும் முதல் தட்டலிலேயே உயிர் பெறுகிறது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆகிய இரண்டிலும் எண்ணெய் மாற்றியதோடு சரி. இரும்பும் அலுமினியமும் கைவிடவில்லை என்று சொல்லிவிடலாம். விட்டதெல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறி விரிசல் விட்டது. எஞ்சின் பின்புறம் இருக்கும் கேம் சென்சாரின் சிறு வளையம் இறுகிப்போய் எண்ணெய் சொட்டியது. சில பென்ஸ் காசுப் பொருள், கை நுழையாத இடம். கிளட்சை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரை மலிவு விலையில் வாங்கிப் போட்டேன், அது பழையதைவிடச் சீக்கிரம் ஒழுகியது. 2021 செப்டம்பரில் இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10 ஆனது, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களுக்கு எத்தனால் ஆகாது என்பதால் முழுவதையும் புதியதாக மாற்றிவிட்டு, விலை கூடினாலும் எத்தனால் குறைந்த ஈ5 சூப்பர்தான் ஊற்றுகிறேன். டோனரின் டேங்க்கையே போட்டால் உள்ளே வெளிச்சம் அடித்துத் துரு பாருங்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டு கார் மேட்டில் மூச்சு வாங்கும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

வயரிங்கை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். புதிதாக வாங்கிப் போடுவது ஒன்று, டோனரின் கொத்தையே மெலியவைத்துப் போடுவது இன்னொன்று. நான் இரண்டாவது. ஒவ்வொரு கனெக்டரையும் பிடுங்குமுன் துணி நாடாவில் பெயர் எழுதி ஒட்டி, படமும் எடுத்தேன். ஜன்னல், ரேடியோ, கதவு விளக்கு வயர்களை ஒரேயடியாக நறுக்காமல், காரை ஓடவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தது பலன் தந்தது. எர்த் புள்ளிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். உடல் போன பிறகு பழைய எர்த் வழிகளும் போய்விடும். பெயின்ட் பூசிய சட்டகத்தில் சுரண்டாமல் மாட்டினால், இண்டிகேட்டர் போட்டதும் முகப்பு விளக்கு சிமிட்டும்.

ஓட்ட எப்படி? எடை ஏறக்குறைய 300 கிலோ குறைந்ததால் அதே எஞ்சின் வேறு எஞ்சினாகத் தெரிகிறது. டோனரின் ஸ்பிரிங் இந்த எடைக்குக் கடினம், அதனால் மென்மையானதைப் போட்டேன். பிரேக் தாராளம். மழையில் நனைவீர்கள், நெடுஞ்சாலையில் பேச முடியாது, வீட்டம்மா இரண்டாவது முறை ஏற மறுத்துவிட்டார். தினசரி வேலைக்கு இது கார் இல்லை. காப்பீடும் சிறப்பு நிறுவனங்களிடம்தான், மைல் வரம்போடு எடுத்தால் மலிவு.

கடைசியாகப் பணமும் காகிதமும். செலவில் டோனர் சின்னத் தொகை. சட்டகம், டயர், பிரேக், பெயின்ட் என்று சேர்ந்தது அதைப்போலப் பல மடங்கு. விற்றால் போட்டது திரும்பாது. டோனரின் பதிவுப் புத்தகத்தைத் தொலைக்காமல் வைத்திருங்கள். புதுச் சட்டகத்தோடு ஒரே டோனரிலிருந்து இரண்டு முக்கிய பாகங்களாவது வந்தன என்று ரசீதுகளோடும் படங்களோடும் வாகனப் பதிவு நிறுவனமான டிவிஎல்ஏ-விடம் காட்டினால், டோனரின் வயதுக்கேற்ற எண் கிடைக்கும். காட்ட முடியாவிட்டால், வண்டியின் வயது உறுதியில்லை என்று சொல்லும் கியூ எழுத்தில் தொடங்கும் எண் தட்டுதான். வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த எழுத்தை, விலையைக் குறைப்பதும் அதைச் சொல்லித்தான்.