நிஸ்டாட்டினா, ஜெல்லா, கேப்சூலா? அம்மாவின் வாய்ப் பூஞ்சைக்கு மூன்று மருந்துகள்

அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். இப்போது டவுனில் எங்களோடு இருக்கிறார். இனிப்பு நீர் உண்டு. மேல்வரிசை முழுவதும் கட்டுப்பல். கேண்டிடா என்னும் ஈஸ்டுக்கு இதைவிட நல்ல குடியிருப்பு கிடைக்காது. நாக்கிலும் அண்ணத்திலும் திரிந்த பால்போல் வெள்ளைப் படலம், வழித்தால் அடியில் சிவந்த புண். ரசம் பட்டாலே எரிகிறது என்று தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

கடையிலும் கிளினிக்கிலுமாக எங்கள் முன் வந்தவை மூன்று: நிஸ்டாட்டின் திரவம், மைக்கோனசோல் ஜெல், ஃபுளூகோனசோல் கேப்சூல். வசதியில் கேப்சூலை அடிக்க ஆளில்லை. நாளுக்கு ஒன்றை விழுங்கினால் போதும். மற்ற இரண்டையும் நாளுக்கு நான்கு முறை வாயில் வைத்திருக்க வேண்டும். ருசியில் அம்மாவின் ஓட்டு ஜெல்லுக்கு. என் ஓட்டு நிஸ்டாட்டினுக்கு, அதற்குக் காரணம் ருசியும் இல்லை, விலையும் இல்லை.

நம் உயிரணுக்களின் மேற்சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால். ஈஸ்டின் சவ்வில் அந்த இடத்தில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. மூன்று மருந்துகளும் குறிவைப்பது இந்த எர்கோஸ்டெராலைத்தான், ஆனால் வழி வேறு. நிஸ்டாட்டின் நேராகப் போய் அதைப் பற்றிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. பொட்டாசியம் வெளியே கசிந்து ஈஸ்ட் சாகிறது. அம்மாவிடம், ரப்பர் பால் பிடிக்கும் மங்கில் ஆணியடித்தது போல என்றேன், உடனே புரிந்துகொண்டார்.

மற்ற இரண்டும் அசோல் குடும்பம். அவை இருக்கிற எர்கோஸ்டெராலைத் தொடுவதில்லை. புதிதாக உண்டாவதைத் தடுக்கின்றன. லானோஸ்டெரால் என்ற மூலப்பொருளை எர்கோஸ்டெராலாக மாற்றும் பாதையில் ஒரு நொதி இருக்கிறது. அசோல் அந்த நொதியில் போய் ஆப்பாகச் செருகிக்கொள்ளும். அரைகுறையாக முடிந்த ஸ்டெரால்கள் சவ்வில் சேர, சவ்வு சீர்கெட்டு ஈஸ்டின் வளர்ச்சி நிற்கிறது. கேண்டிடாவைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் நிறுத்தம்தான், கொலை அல்ல. மிச்சத்தை உடம்பின் காவல்படை முடிக்க வேண்டும். கேண்டிடா குருசை என்ற இனம் ஃபுளூகோனசோலுக்கு இயல்பிலேயே மசியாது.

இதுவரை படித்துவிட்டு, கொல்கிற மருந்தே மேல் என்று நான் முடிவெடுத்ததாக நினைத்துவிட வேண்டாம். என் முடிவு கல்லீரலைப் பார்த்து எடுத்தது.

அம்மாவின் இதயத் துடிப்பு ஒழுங்கற்றது. இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். (செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு நெடுங்காலம் வைத்த மருந்தும் இதே வார்ஃபரின்தான். அப்பா மரத்தடியில் வீசிய சாமான் இன்று அம்மாவின் மாத்திரை டப்பாவில் இருப்பதை நினைத்து வீட்டில் சிரிப்பதுண்டு.) அசோல் முடக்கும் ஈஸ்ட் நொதி, சைட்டோகுரோம் பி450 என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றும் நம் கல்லீரல் நொதியும் அதே குடும்பம், ஒன்றுக்கொன்று பங்காளி. ஈஸ்டுக்கு வைத்த ஆப்பு இங்கேயும் கொஞ்சம் பொருந்திவிடுகிறது. வார்ஃபரின் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்க, இரத்தம் உறையும் திறன் அளவுக்கு மேல் குறைகிறது.

கேப்சூலுக்கு இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஜெல்லுக்கும் நடக்கும் என்பது தெரியாது. வாயில் தடவுகிற களிம்புதானே என்று ஒரு கடையில் வாங்கினேன். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அம்மாவின் முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்தது. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு அம்மாவுக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும், அது 5-ஐத் தாண்டியிருந்தது. வாயில் வைக்கும் மைக்கோனசோல் விழுங்கப்பட்டு, போதிய அளவு இரத்தத்தில் கலந்துவிடுகிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2016-இலேயே எச்சரித்திருக்கிறது. நான் படித்தது நீலம் பாரித்த பிறகு.

நிஸ்டாட்டின் குடலிலிருந்து ஏறக்குறைய இரத்தத்துக்குப் போவதே இல்லை. விழுங்கினாலும் வந்த வழியே போய்விடும். கல்லீரலுக்கு அது வந்ததே தெரியாது. அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்து 1950-இல் அறிவித்த மருந்து இது. நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கிப் பெயர் வைத்தார்கள்.

ஆனால் இரத்தத்துக்குப் போகாததே அதன் பலவீனமும். பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கிவிட்டால் ஃபுளூகோனசோல் போன்ற உள்மருந்துதான் வேண்டும். வார்ஃபரின் சாப்பிடாத ஒருவருக்கு மருத்துவர் கேப்சூல் கொடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஈஸ்டின் செல்சுவரையே தாக்கும் எக்கினோகேண்டின் ஊசி மருந்துகளும் உண்டு. அவை இரத்தத்தில் பூஞ்சை கலந்தவர்களுக்கு மருத்துவமனையில் டிரிப்பாக ஏற்றுபவை. நேரில் பார்த்த அனுபவம் எனக்கில்லை. நிஸ்டாட்டின் திரவங்கள் பலவற்றில் சர்க்கரை சேர்க்கிறார்கள் என்பதும் இனிப்பு நீர்க்காரர் வீட்டில் உறுத்தலான விஷயம்தான்.

இரண்டு வாரம் ஊற்றினோம். மில்லிக்கு 1,00,000 யூனிட் என்று போட்ட மஞ்சள் திரவம். சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டு, வாயெல்லாம் படும்படி முடிந்தவரை வைத்திருந்து விழுங்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியை அதோடு சேர்க்கக் கூடாது, ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். நாங்கள் அரை மணி நேரம் இடைவெளி விட்டோம். படலம் போன பிறகும் இரண்டு நாள் தொடர்ந்தோம். கட்டுப்பல்லோடு தூங்கும் பழக்கத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு. இப்போது இரவில் அது பழைய பால் மங்கு ஒன்றில் தண்ணீருக்குள் கிடக்கிறது. மங்கு அம்மாவே தேடி எடுத்தது.