முன்பணத்தை வாங்கிவிட்டு வாசலில் "பிள்ளைக்கு அனுமதி இல்லை" என்கிறார்கள், கவனம்

கோலாலம்பூரில் கொஞ்சம் பெரிய உணவகத்தில், அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டினால்தான் மேசை தருவோம் என்கிற மாதிரி இடத்தில், சின்னப் பிள்ளையோடு சாப்பிடப் போகிறீர்கள் என்றால், காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை உள்ளே விட மாட்டீர்கள்? பதிவுப் பக்கத்தில் அப்படி எதுவும் போடவில்லையே என்று நம்பிப் போகாதீர்கள். எங்கள் குடும்பத்திடம் 1,050 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். அதில் என் நாலு வயது மகளின் இருக்கைக்கான 150 வெள்ளியும் சேர்த்தி. வாங்கிக்கொண்டு, வாசலில் வைத்து அவளுக்கு அனுமதி கிடையாது என்றார்கள்.

அம்மா அப்பாவின் நாற்பதாவது திருமண நாள் அது. சுங்கைப் பட்டாணியிலிருந்து இடிஎஸ் ரயிலில் வந்திருந்தார்கள். இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் உயரமான கட்டடம் ஒன்றில் இருக்கிற உணவகம், சன்னலோரம் உட்கார்ந்தால் ஊரே விளக்கும் வெளிச்சமுமாகத் தெரியும், வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்காகவே செலவு பண்ணினவர்களை ஒரு தடவையாவது இப்படி ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று நானும் தம்பியும் பேசிவைத்திருந்தோம். பதிவு செய்யும் பக்கத்தில் பெரியவர் எத்தனை பேர், பிள்ளை எத்தனை பேர் என்று தனித்தனிக் கட்டம் இருந்தது. பெரியவர் 6, பிள்ளை 1 என்று போட்டேன். குறிப்பு எழுதுகிற இடத்தில் பிள்ளைக்கு நாலு வயது, உயரமான நாற்காலி ஒன்று வேண்டும் என்றும் எழுதினேன். பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் ஒரே முன்பணம், தலைக்கு 150. சரி, இருக்கை ஒன்றுதானே என்று கட்டிவிட்டேன்.

மறுநாள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி வந்தது. ஏழு பேருக்கு மேசை உறுதி, பிள்ளைக்கான நாற்காலி தயாராக இருக்கும் என்று. கூடவே விதிமுறைகள். ஆண்கள் செருப்பும் அரைக்காற்சட்டையும் போட்டு வரக் கூடாது, பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் மேசை போய்விடும், வெளியிலிருந்து கேக் கொண்டுவந்தால் வெட்டிக்கொடுக்கத் தனிக் கட்டணம், 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது. ஒவ்வொன்றையும் வரி விடாமல் படித்தேன். அப்பாவுக்கு இதற்காகவே புதுக் காலணி வாங்கினோம். காலில் என்ன போட வேண்டும் என்று அவ்வளவு விவரமாக எழுதத் தெரிந்தவர்கள், பிள்ளையின் வயதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

அன்றைக்கு வாசலில் நின்றது நம் பையன் ஒருவன். மகளைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "அக்கா, ஏழு வயசுக்குக் கீழ பிள்ளைங்கள உள்ள விடறதில்லக்கா. நான் என்னக்கா செய்ய, மேனேஜ்மென்ட் ரூல்" என்றான். அவன்மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை, பாவம், திட்டு வாங்குவதற்கென்றே முன்னால் நிறுத்திவைத்திருக்கிறார்கள். மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். புலனச் செய்தியைக் காட்டினேன். நாற்காலி தயார் என்று அவர்களே எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, அது பதிவைக் கவனிக்கிற பெண் அனுப்பியது, அவருக்கு விதி தெரிந்திருக்காது என்றார். அப்புறம் சொன்ன காரணம்தான் முக்கியம், இதை வேறு இடங்களிலும் சொல்லக்கூடும்: உள்ளே மது பரிமாறுகிறோம், சட்டப்படி பிள்ளைகளை அனுமதிக்க முடியாது.

மலேசியாவில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது, அதுதான் சட்டம். 2017 டிசம்பர் வரை 18 ஆக இருந்தது, அப்புறம் 21 ஆக்கினார்கள். விற்கக் கூடாது என்பதற்கும், அப்பா அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட வந்த பிள்ளையை உள்ளேயே விடக் கூடாது என்பதற்கும் எவ்வளவு தூரம்! எந்தச் சீனக் கடல் உணவுக் கடைக்கு வேண்டுமானாலும் ஞாயிற்றுக்கிழமை இரவு போய்ப் பாருங்கள், மேசையில் பீர் போத்தல் இருக்கும், அதே மேசையில் பேரப்பிள்ளைகள் இறால் உரித்துக்கொண்டிருப்பார்கள். இதை நான் சொன்னதும் மேலாளர் பேச்சை மாற்றினார். வேண்டுமானால் வெளியே மாடித் தளத்தில் இடம் தருகிறேன், அங்கே பிள்ளை உட்காரலாம் என்றார். எட்டிப் பார்த்தால் அதுதான் அவர்களுடைய பார். ஒரு பக்கம் சாராயம், ஒரு பக்கம் சிகரெட் புகை. உணவகங்களில் புகைபிடிக்கத் தடை 2019 ஜனவரி முதலாம் தேதியே வந்துவிட்டது. மது இருக்கிறது என்று உள்ளே விடாத பிள்ளையை மது விற்கிற முகப்புக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறேன் என்று சொன்னபோதே தெரிந்துபோனது, சட்டமும் இல்லை ஒன்றும் இல்லை, கேட்கிறவர் வாயை அடைக்க ஒரு பதில்.

அதற்குள் அப்பா, பாத்தேக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்க எல்லாம் உள்ள போய்ச் சாப்பிடுங்கம்மா, பாப்பாவ நான் கீழ கடைகளுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு இருக்கேன்" என்றார். யாருடைய திருமண நாளோ அவர் சொல்கிறார். மேலாளர் உடனே, ஆமாம் சார், அது நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் மின்தூக்கியை நோக்கித் திரும்பி நடந்தார், நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போய்விட்டோம். பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டோம், நன்றாகவே சாப்பிட்டோம், அது வேறு கதை.

இப்போது இதை எழுதினால் சிலர் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பெரிய உணவகத்துக்குப் பிள்ளையை ஏன் கூட்டிப்போக வேண்டும், மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டாமா என்பீர்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். எட்டு பத்து வகைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கிற சாப்பாடு இரண்டரை மூன்று மணி நேரம் இழுக்கும். நாலு வயதுப் பிள்ளையை அவ்வளவு நேரம் உட்காரவைப்பது பிள்ளைக்கே தண்டனை. மெல்லிய கண்ணாடிக் கோப்பைகள், கொதிக்கிற சாறு ஏந்திக்கொண்டு நடக்கிற பணியாளர்கள், இதெல்லாம் உண்மையான காரணங்கள். காசு சேர்த்து, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒரு மாலை தனியாக உட்கார வந்த தம்பதிக்குப் பக்கத்து மேசை அழுகை வேண்டாம்தான். இந்த ஊரிலேயே சில உணவகங்கள் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் என்று பதிவுப் பக்கத்தின் மேலேயே போட்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. படிக்கிறோம், வேறு இடம் தேடுகிறோம், யாருக்கும் தலைகுனிவு இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தென்கொரியாவில் பிள்ளைகள் நுழையத் தடை என்று அறிவிப்பு வைக்கிற கடைகள் பெருகியபோது, ஜேஜூ தீவில் இருந்த ஓர் உணவகத்தைப் பற்றிய புகாரில் அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2017இல், வயதைக் காட்டி ஒட்டுமொத்தமாகத் தடுப்பது பாகுபாடுதான் என்று சொன்னது. நம் நாட்டில் அப்படி ஒரு பிடிப்பு இல்லை. அரசமைப்பின் 8ஆவது பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் இவற்றைச் சொல்கிறது, வயதைச் சொல்லவில்லை, அதுவும் அரசையும் சட்டங்களையும் கட்டுப்படுத்துகிற பிரிவே தவிர தனியார் கடையை நேரடியாகப் பிடிக்கிறது இல்லை. ஆகவே பிள்ளைகளைத் தடுத்தது சட்டவிரோதம் என்று கத்திப் பயனில்லை. தடுக்கட்டும். ஆனால் தடுக்கப்போகிற பிள்ளையின் பெயரில் காசு வாங்கக் கூடாது. விதியை மறைத்துவைத்துக் காசைப் பிடித்துக்கொண்டால் அது ஏமாற்று, என் சண்டை அதோடுதான்.

நல்ல உணவகங்களைத் தேர்ந்து பட்டியலிடுகிற மிஷலின் கையேடு 2022 டிசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் முதல் பட்டியல் வெளியிட்டதிலிருந்து எங்கள் வட்டத்தில் பிறந்தநாள், திருமண நாள் என்றால் இந்த மாதிரி இடங்களைத் தேடுவது கூடிவிட்டது. (அதே பட்டியலில் பிள்ளைகள் ஓடித்திரிகிற அங்காடிக் கடைகளும் இருக்கின்றன, பினாங்குக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.) நம் ஆட்களுக்கு மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்தால்தான் விருந்து. தாத்தா பாட்டியின் நாளில் பேத்தியை வீட்டில் விட்டுவிட்டு வா என்றால் பாதிப் பேர் கிளம்பவே மாட்டார்கள். அதனால்தான் இந்தக் குழியில் விழப்போவது பெரும்பாலும் நாமாக இருப்போம் என்று பயப்படுகிறேன்.

காசு திரும்பக் கேட்டபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் பதில்: நீங்கள் வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது, விதிப்படி முன்பணம் திரும்பாது. வந்தோம், வாசலில் நின்றோம், நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று எழுதினேன். அடுத்த பதில்: நல்லெண்ணத்துக்காக அதே தொகைக்குப் பற்றுச்சீட்டு தருகிறோம், மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், பெரியவர்களுக்கு மட்டும். அந்தக் கடிதத்தில்தான் முதன்முறையாக வயது விதி எழுத்தில் வந்தது. எல்லாம் எங்கள் விதிமுறைகளில் இருக்கிறது என்று ஓர் இணைப்பும் அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் பல பக்கம் நீளும் பொடி எழுத்து, நடுவில் எங்கேயோ, விருந்தினரை மறுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதில்கூட ஏழு வயது இல்லை.

இந்த மாதிரி வரியைக் காட்டினால் பயந்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கென்றே ஒரு பகுதியைச் சேர்த்தது. பொடி எழுத்தில் இருந்ததா, சாதாரண ஆளுக்குப் படித்தால் புரியுமா என்பதெல்லாம் அங்கே கணக்கில் வரும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் போடலாம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையைக் கேட்பார்கள், இணையத்திலேயே மனு போடலாம், பிரச்சினை நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது, அவர்களுக்கும் முடியாது, அது நமக்கு நல்லது. தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் அதன்படி நடக்காவிட்டால் குற்றம். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே மறுப்புத் தெரிவியுங்கள், வங்கிகள் இதற்குக் கால வரம்பு வைத்திருக்கின்றன, தள்ளிப்போட வேண்டாம்.

நான் தீர்ப்பாயத்தில் மனு போட்டு அதன் நகல் அவர்களுக்குப் போனதும், அதுவரை மின்னஞ்சலில் மட்டும் பேசினவர்கள் தொலைபேசியில் வந்தார்கள். முழுத் தொகையும் தருகிறோம், ஆனால் இதைப் பற்றி எங்கேயும் எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். முடியாது, விசாரணை அன்றைக்கு வாருங்கள் என்றேன். விசாரணைத் தேதிக்கு முன்னாலேயே 1,050 வெள்ளியும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது, கையெழுத்து எதுவும் போடவில்லை. என்னிடம் இருந்தது பதிவுப் பக்கத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), புலனச் செய்தி, கட்டணச் சீட்டு மூன்றும்தான். வாசலில் நின்றபடியே தம்பி, "நாங்க வந்திருக்கோம், பிள்ளை காரணமா திருப்பி அனுப்புறீங்க" என்று அவர்கள் புலன எண்ணுக்கே ஒரு செய்தி அனுப்பியிருந்தான், நேரத்தோடு பதிவாகியிருந்தது. வரவில்லை என்ற பொய் அதில்தான் உடைந்தது. உங்களைத் திருப்பி அனுப்பினால் அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கடைப் பெயரைக் கேட்டு நிறையப் பேர் எழுதுவீர்கள். போடப்போவதில்லை. பெயர் போட்டால் எல்லாரும் அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் இதே மாதிரி காசு கட்டிவிட்டு நிற்பார்கள்.

பதிவு செய்யும்போது நான் இப்போது அனுப்புகிற செய்தி இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், மலாயிலோ ஆங்கிலத்திலோ மாற்றி அனுப்புங்கள்: "எங்களோடு இத்தனை வயதுப் பிள்ளை வருகிறது. உள்ளே, எங்கள் மேசையிலேயே உட்கார அனுமதி உண்டா? அனுமதி இல்லை என்று பிறகு சொன்னால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா?" இரண்டுக்கும் ஆம் என்று வந்தால் கட்டுங்கள். பள்ளி விடுமுறை நெருங்குகிறது, ஏற்கெனவே எங்கேயாவது கட்டிவைத்திருப்பவர்கள் 48 மணி நேரக் கெடு தொடங்குவதற்கு முன் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். இதை எழுதுவதற்கு முன் அந்த உணவகத்தின் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பிள்ளை எத்தனை பேர் என்ற கட்டம் அப்படியேதான் இருக்கிறது, தலைக்கு 150 வெள்ளியும் கேட்கிறது, வயது விதியை இன்னும் போடவில்லை.