மூன்று வருட எஸ்பிஆர்டி: மைனஸ் 2.94 தரும் எரிச்சல்

சொந்தமாக செஸ் எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர் கேட்டார்: "ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய எஞ்சினோடு நூறு ஆட்டம் விட்டுப் பார்க்கிறேன். போதாதா? எஸ்பிஆர்டி எதற்கு?" போன வாரம்தான் என் கணினியின் ஃபேன் போய்ப் புதிது மாட்டினேன். மூன்று வருடமாக இரவு பகலாக ஓட்டியது இந்த எஸ்பிஆர்டி சோதனைதான்: புது எஞ்சினையும் பழையதையும் மோதவிட்டு, மாற்றம் பலன் தந்ததா என்று புள்ளியியல்படி தீர்ப்புச் சொல்லும் முறை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நூறு ஆட்டம் போதவே போதாது. அதில் கிடைக்கும் முடிவு 50 எலோ (ஆட்டத் திறனை அளக்கும் புள்ளி) வரை இப்படியும் அப்படியும் ஆடும். நாம் தேடுவதோ 3, 5 எலோ. எஸ்பிஆர்டியில் இத்தனை ஆட்டம் என்ற கணக்கு முன்கூட்டியே கிடையாது. முடிவுகள் வர வர, மாற்றத்துக்குச் சாதகமா பாதகமா என்று காட்டும் ஒரு எண் ஏறி இறங்கும். மாற்றத்தால் வந்த லாபம் 0 எலோவா 5 எலோவா என்று தீர்ப்புக் கேட்டு, இரு பக்கமும் 5 சதவீதப் பிழைக்கு இடம் கொடுத்தால், 2.94-ஐத் தொட்டதும் மாற்றம் தேறியது, மைனஸ் 2.94 என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். எஞ்சின் அலசும் நகர்த்தல்களின் பட்டியலில் பின்னால் வரும் அமைதியான (காய் வெட்டாத) நகர்த்தல்களை இன்னும் ஒரு படி ஆழம் குறைத்துத் தேடச் சொல்லி ஒரு வரி மாற்றினேன். பெரிய நம்பிக்கை இல்லை. 1,100 ஆட்டத்தில் தேறிவிட்டது. அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சரி, இப்போது குதிரை விஷயம். எதிரியின் சிப்பாய் விரட்ட முடியாத கட்டத்தில் உட்காரும் குதிரைக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்தேன். செஸ் ஆடும் யாரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாம் நாள் இரவு எண் 2.3. காலையில் பார்த்தால் 0.6. நான்காம் நாள், 31,000 ஆட்டம் கடந்து, மைனஸ் 2.94.

ஏன் என்று அது சொல்லாது. மதிப்பை அதிகம் வைத்துவிட்டேனா, அதைக் கணக்கிடும் நேரத்தில் தேடல் ஆழம் குறைந்ததா, ராஜாவின் பாதுகாப்புக்கு ஏற்கெனவே கொடுத்த மதிப்போடு மோதுகிறதா? ஒரு வார்த்தை கிடையாது. மூன்று வருடமாக என்னை வாட்டுவது இந்த மௌனம்தான். ஸ்டாக்ஃபிஷ் என்ற புகழ்பெற்ற எஞ்சினின் குழுவுக்கு 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனைத் தளம் இருக்கிறது. உலகமெங்கும் தன்னார்வலர்கள் கணினி நேரம் தருகிறார்கள். தோற்றால் கொடுத்த மதிப்பை மாற்றி மறுபடி ஓட்டலாம். நாலு கோர் கொண்ட ஒரே கணினி வைத்திருப்பவனுக்கு ஒவ்வொரு "மறுபடி"யும் நாலு நாள்.

என் எஞ்சின் இன்று உருப்படியாக ஆடுகிறது என்றால் அதற்கு எஸ்பிஆர்டிதான் காரணம். ஆனாலும் ஒற்றைக் கணினி வைத்திருக்கும் நண்பருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புது ஃபேன் மாட்டிய அன்றே அந்தக் குதிரை வரிகளைச் சோதிக்காமல் திரும்பச் சேர்த்துவிட்டேன். எடுக்கப்போவதில்லை.