நியூயார்க் கோடை நடனம்: எந்த ஆட்டத்தை எங்கே உட்கார்ந்து பார்ப்பது

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை நியூயார்க்கில் நடனத்துக்குப் பஞ்சமில்லை. பலர் ஏமாந்து திரும்புவது இடத் தேர்வில்தான். காலடியைப் பார்க்க வேண்டிய ஆட்டத்தைக் கால் மறையும் இடத்திலிருந்தும், முகத்தைப் பார்க்க வேண்டியதைப் புல்வெளியின் கடைசி வரிசையிலிருந்தும் பார்த்தால் எவ்வளவு நல்ல குழுவும் சுமாராகத்தான் தெரியும்.

இலவச நிகழ்ச்சிகளில் முதலிடம் பேட்டரி டான்ஸ் விழாவுக்கு. 1982 முதல் நடந்துவருகிறது. ஆகஸ்டில், மன்ஹாட்டனின் தென்பகுதியில், ஹட்சன் கரையில் மேடை போடுகிறார்கள். ஒரே மாலையில் பல குழுக்கள், பல பாணிகள். ஆறு பின்னணியாக இருப்பதால் அழகு கூடுகிறது, சிக்கலும் அங்கேதான். பார்வையாளர் மேற்கு நோக்கி உட்கார வேண்டும். ஆகஸ்ட் நடுவில் சூரியன் மறைய எட்டு மணி ஆகப்போகும். அதற்கு முன்னால் வரும் உருப்படிகளில் ஆடுபவர்கள் வெறும் நிழலுருவமாகத் தெரிவார்கள். மேடையைப் பார்த்தபடி வலப்புறம் ஒதுங்கி உட்கார்ந்தால் கண் கூசுவது பாதியாகக் குறையும். முன்வரிசைத் தரையும் வேண்டாம். மேடை விளிம்பு கணுக்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆறேழு வரிசை தள்ளி, தரை கொஞ்சம் உயரும் இடம்தான் சரி.

இரண்டு தூறல் விழுந்ததும் நிகழ்ச்சியை நிறுத்துகிறார்களே என்று கூட்டம் முணுமுணுக்கும். அது நியாயமில்லை. மேடைமேல் விரிப்பது மார்லி என்கிற வினைல் விரிப்பு. உள்ளங்கையளவு ஈரம் போதும், குதித்து இறங்கும் கால் வழுக்கிக் கணுக்கால் திரும்பிவிடும். கறுப்பு விரிப்பு என்றால் பகல் வெயில் முழுவதையும் குடித்து வைத்திருக்கும். வெறுங்காலில் ஆடுபவருக்கு மாலையிலும் பாதம் சுடும். துண்டு போட்டுத் துடைத்து உலரும்வரை காத்திருக்கும் அமைப்பாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கூடவே ஒரு மழைச்சட்டை எடுத்துச் செல்லுங்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மேடையே போய்விடும்.

இந்திய நடனத்துக்கென்று ஒரு மாலையை ஒதுக்குவதும் இந்த விழாவில் வழக்கம். திறந்தவெளியில் பரதநாட்டியத்தின் அலாரிப்பும் தில்லானாவும், அதாவது தூய ஆட்ட உருப்படிகள், எடுபடும். கோடுகள் பெரியவை, முப்பது மீட்டர் தாண்டியும் முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டி அரைமண்டியாகவே தெரியும். முகபாவத்தை நம்பியிருக்கும் பதம் எடுபடாது. புருவத்திலும் கண்ணோரத்திலும் நடக்கும் வேலையைக் காற்றும் தூரமும் தின்றுவிடும். சலங்கைக்கும் ஆபத்து உண்டு. மேடைத் தரையோடு ஒட்டி மைக் வைக்காவிட்டால், கால் தட்டுவது கண்ணுக்குத் தெரியும், ஒலிபெருக்கியில் மிருதங்கம் மட்டும் கேட்கும். வினைல் விரிப்பு, காலைத் தட்டி ஆடும் தட்டடவின் ஓசையை ஏற்கெனவே பாதி அமுக்கியிருக்கும்.

காலடிக்காகவே போவதென்றால் செல்சியிலுள்ள ஜாய்ஸ் தியேட்டர். பழைய எல்ஜின் திரையரங்கை மாற்றி 1982-ல் நடனத்துக்கென்றே திறந்த அரங்கு, 472 இருக்கைகள். நல்ல சரிவு என்பதால் முன்னால் இருப்பவர் தலை அவ்வளவாக இடிக்காது. நடு வரிசையிலிருந்து பாத விரல் மடங்குவதும் தெரியும், மூச்சு வாங்குவதும் கேட்கும். நகரத்திலேயே காசுக்கு முழுப் பலன் தரும் இருக்கை இதுதான் என்போம்.

லிங்கன் சென்டர் என்னும் கலை வளாகத்தில் அமெரிக்கன் பாலே தியேட்டர் என்ற குழு கோடையில் ஆடும் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கு வேறு உலகம். ஏறத்தாழ 3,800 இருக்கைகள். கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் தனி ஆட்டம் அருகில் தெரியும், குழுவின் வரிசை அமைப்பு தெரியாது. ‘ஸ்வான் லேக்’ பாலேயில் அன்னங்களின் வரிசை வளைந்து பிரிவதைப் பார்க்க மாடிதான் வேண்டும். உச்சியிலுள்ள ஃபேமிலி சர்க்கிளில் இருக்கை மலிவு, ஆனால் தூரம் மிக அதிகம். பறவை பார்க்கும் எட்டு மடங்கு தொலைநோக்கியைக் கொண்டுபோகாதீர்கள். முகம் கிடைக்கும், உடல் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். மூன்று மடங்கு போதும். முதன்மை நடனக்கலைஞர்கள் நாளுக்கு நாள் மாறுவார்கள், பெயர்ப்பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தாமதமாகப் போனால் இடைவேளைவரை உள்ளே விடமாட்டார்கள்.

அதே வளாகத்தில் நிகழ்கலை நூலகம் இருக்கிறது. அங்குள்ள ஜெரோம் ராபின்ஸ் நடனப் பிரிவு 1944-ல் தொடங்கியது. நடன ஆவணங்களுக்கு இதற்கு இணையாக வேறு இடம் சொல்வது கடினம். கண்காட்சிகள் இலவசம். உடைகள் வைத்திருக்கும் கூடம் மங்கலாகத்தான் இருக்கும், காரணம் சிக்கனம் அல்ல: பட்டும் சாயமும் வெளுக்காமலிருக்க வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில் வைப்பதுதான் பாதுகாப்பாளர்களின் வழக்கம். கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கண்காட்சியில் பாலே உடை வைத்திருந்தால் முன்பக்கத்து ஜரிகையோடு நகர்ந்துவிடாதீர்கள். அக்குளைப் பாருங்கள்: வைர வடிவில் ஒரு துண்டுத் துணி ஒட்டுப்போட்டிருக்கும். அது இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது மேற்சட்டையும் சேர்ந்து மேலே ஏறும். முதுகில் கொக்கிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையில் இருந்தால், ஒரே உடையைப் பல உடல்கள் போட்டிருக்கின்றன என்று பொருள். உட்புறம் தெரியும்படி வைத்திருந்தால், தைத்த பெயர்ப்பட்டைகளையும் வியர்வையில் கறுத்த இடுப்புப் பட்டையையும் காணலாம். ஆடிய உடம்பின் தடம் புகைப்படத்தைவிட இதில்தான் இருக்கிறது.

நடனக் கண்காட்சிகள் பொதுவாகச் சறுக்குவது வீடியோவில். உட்கார இருக்கை குறைவு, படம் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு இருக்காது. பத்துத் திரைகளையும் மேயாமல் ஒரே ஒரு படத்தை முழுதாகப் பாருங்கள். கண்காட்சியில் மனத்தைப் பிடித்த கலைஞர் யாராவது இருந்தால், மூன்றாம் மாடி வாசிப்பறையில் அவர் ஆட்டத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மாலைக் காட்சிக்கு இரண்டு மணி நேரமாவது முன்பே போனால்தான் அதற்கு அவகாசம் கிடைக்கும்.